அம்மன் புடவைக்கு ஒரு வண்டி

இதை எழுத எனக்கு ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. எழுதி முடிக்க அல்ல, எழுதத் துணிய. படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் காலண்டரில் விரத நாளுக்கு வட்டம் போடத்தான். சாமி காரியத்தை எழுதும்போது ஒரு சொல் கூடினாலும் பொய், குறைந்தாலும் குற்றம் என்று ஒரு பயம். ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் இன்று எப்படியும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைப்பேன். விளக்குத் தேய்க்கிற வேலை வந்துவிடும், எழுதுவது போய்விடும். இந்த வருடம் அம்மன் முன்னால் நின்று, "தப்பு இருந்தால் நீயே பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன் அறையில் தறி, பின்னால் நாங்கள். வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். ஒரே மகளை மும்பையில் கொடுத்திருக்கிறோம். அவள் முழுகாமல் இருந்தபோது, ஏழாம் மாதம் வளையல் போட்டு இங்கே அழைத்து வரலாம் என்றிருந்தோம். அங்கே பார்த்த டாக்டரம்மா பயணமே கூடாது, கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் காமாட்சி அம்மன் சந்நிதியில் போய் நின்றேன். "நீ இங்கே இருக்கிறாய், என் பெண் அங்கே இருக்கிறாள். அவள் வீட்டுப் பக்கத்திலும் ஒரு கோயில் கட்டிக்கொண்டு நீதானே உட்கார்ந்திருக்கிறாய்? தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரியட்டும். எங்கள் தறியில் நெய்த புடவையை அங்கே உனக்குச் சாத்திவிட்டுத்தான் பிள்ளை முகத்தைப் பார்ப்பேன்" என்று வேண்டிக்கொண்டேன். கடைசி வரியை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. வாயில் வந்துவிட்டது.

அம்மன் கேட்டுவிட்டாள். பெண் குழந்தை. மாப்பிள்ளை உடனே போனில் படம் அனுப்பினார். வீடே போனைச் சுற்றிக் கூடியது. நான் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரருடைய அக்கா எங்கள் வீட்டோடு இருப்பவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் அந்தப் படத்தை ஒரு நாளைக்கு நாலு முறை எடுத்துப் பார்ப்பார், பார்க்கும்போது என் காதில் விழும்படி பேசுவார்.

"அய்யோ, கன்னத்தைப் பாரேன்டா தம்பி. குழி விழுதுடா! கொடுத்து வச்சவங்க பாக்குறோம்."

"அண்ணி, வேணாம் அண்ணி, சொல்லாதீங்க."

"நான் இன்னாமா சொன்னேன்? பாக்கமாட்டேன்னுதானே வேண்டிக்கினே. கேக்கமாட்டேன்னா வேண்டிக்கினே?"

புடவையை என் வீட்டுக்காரர் ராப்பகலாக நெய்தார். மாம்பழ நிறத்தில் உடல், அரக்கு நிறத்தில் கரை, ஒன்பது கெஜம். அந்தத் தறிக்குப் பக்கத்தில் செருப்புக் காலோடு யாரையும் விடவில்லை. முடிந்ததும் மும்பைக் கோயில் குருக்களுக்குப் போன் போட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்கால அலங்காரத்துக்குச் சாத்தலாம் என்றார். நடை திறப்பதற்குள் குளித்து முழுகிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். தவறினால் அதற்கடுத்த வெள்ளிதான் என்றார். அதாவது அன்றைக்குப் புடவை போய்ச் சேரவில்லை என்றால், பேத்தி இருக்கிற ஊரிலேயே இருந்துகொண்டு இன்னொரு வாரம் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பிள்ளை பெற்ற வீடு தீட்டு வீடு, அம்மன் புடவை அங்கே போகக் கூடாது. அதனால் மாப்பிள்ளை கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருந்தார். அவரும் தீட்டுக்காரர்தான், விமான நிலையத்துக்கு வந்து பெட்டி தூக்கவும் முடியாது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மனுக்கு என்று நெய்த புடவையைத் தறியிலிருந்து அறுத்த பிறகு தரையில் வைக்க மாட்டோம். அதற்கு மேலே எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. மரப்பலகையில் வைத்து, மஞ்சள் நனைத்த வேட்டியால் சுற்றி, மார்போடு அணைத்துத்தான் எடுத்துப் போவோம். அதைப் புடவை என்றுகூடச் சொல்ல மாட்டோம். அம்மனை எடு, அம்மனை வை என்போம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மூட்டை. இரண்டு பெரிய பெட்டி. ஒரு அட்டைப் பெட்டி நிறைய பூண்டு, நல்லெண்ணெய், பிரசவ லேகியம், முறுக்கு. குழந்தைக்குத் துணி மாற்றப் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துக் கட்டிய ஒரு மூட்டை. குளிப்பாட்ட உட்காரும் தேக்கு மணை ஒன்று. அதற்கும் மேலே, மருந்து உரைக்க ஒரு கல். கல்லைத் துணியில் சுற்றி அண்ணியே பெட்டிக்குள் வைத்தார்.

"மும்பைல கல்லு கிடைக்காதா அக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

"கிடைக்கும். நம்மூட்டு கல்லு கிடைக்குமா?"

எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் முதல் விமானம். செவிலிமேட்டிலிருந்து தெரிந்தவர் கார் எடுத்து வந்து அந்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் சென்னையில் கொண்டுபோய் விட்டார். சோதனை போடுகிற இடத்தில் பலகையைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். முன்னால் போன தட்டுகளிலெல்லாம் ஷூவாக இருந்தது. இவர் சட்டையைக் கழற்றித் தட்டில் விரித்து, அதன் மேல் அம்மனை வைத்துவிட்டு, வெறும் பனியனோடு நின்றார். அந்தப் பக்கம் நின்ற போலீஸ் பெண் என்ன ஏது என்று கேட்டுவிட்டு, பலகை வெளியே வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விமானத்துக்குள் தலைக்கு மேலே ஒரு மூடி போட்ட இடம். அண்ணிக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. "அம்மனுக்குன்னே கட்டி வச்சாப்புல இருக்குதுடா" என்றார். பக்கத்தில் ஒருவர் தன் பையை அதே இடத்தில் திணிக்க வந்தபோது, அண்ணி பார்த்த பார்வையில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டே மும்பைவரை வந்தார்.

மும்பையில் இறங்கி, சாமான் வருகிற பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டோம். அட்டைப் பெட்டி மூலை பிய்ந்து முறுக்குத் தூள் சிந்திக்கொண்டே வந்தது. என் வீட்டுக்காரர் அம்மனை வைத்திருப்பதால் வேறு எதையும் தொட முடியாது. தள்ளுவண்டி இரண்டையும் நானும் அண்ணியும் தள்ளினோம். என்னுடையது நேராகப் போகாது, இடதுபக்கமாகவே இழுக்கும். இப்படியே வாசலுக்கு வந்தோம்.

வாசலில் நின்ற பிறகுதான் புரிந்தது, எந்த வண்டியில் போவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தெருவில் ஆளாளுக்கு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆட்டோ எடு, பஸ் இருக்கிறது, டாக்ஸிக்கு உள்ளேயே பணம் கட்டிச் சீட்டு வாங்கு என்று. அம்மனை எங்கே வைப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் போகவேண்டிய பகுதிக்குள் ஆட்டோ வராதாம். பஸ், நெடுஞ்சாலையில் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடுமாம். மெட்ரோவுக்கு நகரும் படிக்கட்டில் ஏற வேண்டும். அண்ணி அந்தப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, "நான் இங்கியே இருந்துடுறேன், நீங்க போயி குழந்தைய கூட்டிக்கினு வந்து காட்டுங்க" என்றார்.

சரி, டாக்ஸிக்குச் சீட்டு வாங்கினோம். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு சின்ன வண்டி. டிரைவர் நல்ல மனுஷர், பெட்டிகளை வண்டிக் கூரைமேல் இருந்த கம்பியில் ஏற்றிக் கட்டக் கயிற்றை எடுத்தார். அண்ணி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் தம்பி, நம்ம செருப்பு இருக்கிற பொட்டி மேல, அம்மன் கீழயா?"

என் வீட்டுக்காரருக்கும் அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் யோசித்து, "அப்ப அம்மனை மேல வச்சிடலாமா?" என்றார்.

"வை. கயிறு போட்டுக் கட்டு. வெயில்ல காயட்டும். அப்பளமாடா அது?"

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில் இவர் விளக்க, டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு வேறு சவாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

மகளுக்குப் போன் செய்தோம். போனிலேயே ஒரு கார் வரவழைத்தாள். அது வந்தது. பின்பக்கம் திறந்தால் கேஸ் சிலிண்டர் அந்த இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு இருக்கிறது. பெட்டி எல்லாவற்றையும் உள்ளே சீட்டிலும் மடியிலும்தான் வைக்க வேண்டும். குழந்தைக்குத் துணி மாற்ற என்று கட்டிய மூட்டை அம்மனை உரசிக்கொண்டு வரும். அதற்கு அண்ணியும் ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. அந்தக் காரும் போய்விட்டது.

மகள் மறுபடி கூப்பிட்டாள். "எம்மா, ரெண்டு வண்டி போடறேன்மா. புடவையை வச்சுக்கினு ஒண்ணுல நீங்க வாங்க. இன்னொண்ணுல லக்கேஜ் மட்டும் வரட்டும்."

அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கி, "பொட்டிக்கு இந்தி தெரியுமாடி? வழி கேட்டு வந்துடுமா?" என்றார்.

மகள் அந்தப் பக்கம் சிரித்தாள். போன் திரும்ப என் காதுக்கு வந்தது. அப்போது அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பேத்தி அழுதாள்.

அதுவரைக்கும் நான் அவள் குரலைக் கேட்டதில்லை. சின்ன அழுகை, ஆனால் நல்ல அதிகாரமான அழுகை. கேட்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லையே. அதனால் காதைப் பொத்தவில்லை. மகள் "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இந்த ஊர் நெரிசலில் ஹோட்டல் போய்ச் சேர வேண்டும், குளிக்க வேண்டும், நடை திறப்பதற்குள் கோயிலில் நிற்க வேண்டும். நான் பலகையைப் பார்த்தேன், மூட்டைகளைப் பார்த்தேன்.

"ஏங்க, இதெல்லாம் இங்கியே கிடக்கட்டும். யாரு வேணா எடுத்துக்கட்டும். அம்மனை எடுத்துக்கினு நாம கிளம்பலாம்" என்றேன்.

அண்ணி தொப்பென்று அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மீதி முறுக்கும் நொறுங்குகிற சத்தம் கேட்டது. "மணைய விட்டுட்டுப் போயி பிள்ளைய எதுல உக்காந்து குளிப்பாட்டுவே? கல்லை விட்டுட்டுப் போயி எதுல மருந்து உரைப்பே? போறதா இருந்தா போங்க. நான் வரல."

"அண்ணி, எனக்கு அழுகை வந்துடும் அண்ணி."

"அழு. உன் பேத்தியும் அங்க அழுவுறா. ரெண்டு பேரும் அழுவுங்க."

எதிரே கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய வண்டியில் சாய்ந்து நின்றபடி ஒரு பெண் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். எங்களையே பார்த்துச் சிரித்தாள். காக்கிச் சட்டை, கொண்டை, நெற்றியில் பெரிய பொட்டு. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் கஷ்டம் இவளுக்கு வேடிக்கையா என்று. அவள் கையைத் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்து, அவரைப் பார்த்து, பலகையைக் காட்டி இந்தியில் என்னவோ கேட்டாள்.

இவர், "தேவி. தேவிக்குப் புடவை" என்று பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் சொன்னார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. வண்டிக்குப் போனாள். முன் கதவைத் திறந்தாள். தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துத் துணியை நனைத்து, முன் சீட்டைத் துடைத்தாள். சீட்டுக்குக் கீழே கிடந்த மிதியடியை உருவி எறிந்தாள். எங்கிருந்தோ ஒரு புது டவலை எடுத்து உதறி விரித்தாள். பிறகு பின்கதவைத் தூக்கி, கடைசி வரிசை சீட்டை மடக்கிப் படுக்கவைத்தாள். அங்கே ஒரு சின்ன அறையே இருந்தது. எங்கள் அத்தனை மூட்டையும் அதில் அடங்கும். எதுவும் அம்மனுக்கு மேலே இல்லை, பக்கத்திலும் இல்லை.

இவர் கேட்டுச் சொன்னார். அந்த ஊரில் வருடா வருடம் சதுர்த்திக்குக் கணபதியை வீட்டுக்கு அழைத்துப் போவார்களாம். அவள் வண்டியில் எத்தனையோ கணபதி போயிருக்கிறாராம். முன் சீட்டில்தான் உட்காருவாராம். எப்படி அழைத்துப் போக வேண்டும் என்று தனக்கு யாரும் சொல்ல வேண்டாம் என்றாளாம்.

அண்ணி விடவில்லை. எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "கீழ இன்ஜின் இருக்குதேடா?"

"அக்கா, பிளேன்லயும் கீழ இன்ஜின்தான்கா."

அண்ணி வழிவிட்டு ஒதுங்கினார். வாழ்க்கையில் நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

அவர் அம்மனை முன் சீட்டில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் நடுவில் ஏறினோம். வண்டி கிளம்பியதும் கீங் கீங் என்று ஒரு சத்தம். பலகையின் கனத்துக்கு, யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டதாம். அவள் வண்டியை ஓரங்கட்டி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அம்மனுக்கு பெல்ட் போட்டுவிட்டாள். சத்தம் நின்றது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அவளும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"இன்னாடா பாத்துக்கினு இருக்கே? அம்மனே போட்டுக்கினா. நீ பெரிய ஆளா? போடு பெல்ட்டை" என்றார் அண்ணி தம்பியிடம்.

அந்த ஊர் நெரிசலை நான் எழுதி உங்களுக்குக் காட்ட முடியாது. அவள் சந்து சந்தாக நுழைந்தாள். குறுக்கே வந்த ஒரு பைக்காரனை ஜன்னல் கண்ணாடியை இறக்கித் திட்டினாள். பாஷை புரியாவிட்டாலும் அது என்ன வார்த்தை என்று மூன்று பேருக்கும் புரிந்தது. திட்டி முடித்ததும் முன் சீட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹோட்டல் வாசலில் பேசிய கூலியை வாங்கிக்கொண்டாள். டோலுக்குக் கட்டியதையும் கேட்டு வாங்கினாள். மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, கோயில் எது என்று மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அறையில் கட்டில் இருந்தது, யார் யார் படுத்ததோ. மேசை இருந்தது, யார் யார் சாப்பிட்டதோ. ஒருவர் கையில் அம்மன் இருக்க மற்றவர் குளிப்பதாக மாற்றி மாற்றிக் குளித்தோம். ஈரத் தலையோடு கோயிலுக்கு ஓடினோம். குருக்கள் சாவிக் கொத்தோடு அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார். பலகையை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் கைக்கு அது போன பிறகுதான் என் வீட்டுக்காரர் கையை உதறினார். விடிகாலையிலிருந்து சுமந்த கை நிமிர மாட்டேன் என்றது.

திரை விலகியபோது, அரக்குக் கரை காலடியில் விசிறி மாதிரி விரிந்திருந்தது. மாம்பழ நிறம் தீப ஒளியில் அப்படி ஒரு நிறமாக இருந்தது. எங்கள் வீட்டு முன் அறையில் தினம் பார்த்த பட்டுதானா இது என்றிருந்தது. எனக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு திரும்பினால், கூட்டத்துக்குப் பின்னால் காக்கிச் சட்டையோடு அவள் நிற்கிறாள். சவாரியை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். முன் சீட்டில் வந்தவள் உடுத்தினால் எப்படி இருப்பாள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்ததாம். இவர்தான் கேட்டுச் சொன்னார். அண்ணி தன் தட்டில் இருந்த பூவில் பாதியைப் பிய்த்து அவள் கொண்டையில் வைத்தார்.

கோயிலிலிருந்து மகள் வீடு அடுத்த தெரு. நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது. செருப்பைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுப் படியில்தான் தெரிந்தது. மாப்பிள்ளை கதவைத் திறந்து, "வாங்க அத்தை" என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டேன். மகள் துணிச்சுருளை என் கையில் வைத்தாள்.

பார்த்தேன். பேத்தி கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் கொட்டாவியைப் பார்க்கத்தான் நான் பிறந்தேன் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

ஊர் திரும்பியதும் அண்ணி இதை வாசலில் நின்று இரண்டு பேரிடம் சொன்னார். பத்து நாளில் அது பிள்ளையார்பாளையம் முழுக்கச் சுற்றி வேறு கதையாக எங்களிடமே திரும்பி வந்தது. அம்மனே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டி வந்தாளாம். காசு வாங்காமல் மறைந்துவிட்டாளாம். கோயிலில் வந்து நின்று தன் புடவையைத் தானே பார்த்தாளாம். போன மாதம்கூட ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாக்கியசாலிம்மா, நேர்ல பாத்தவ" என்று அழுதார். நான் இல்லை என்று சொன்னதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதனால் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி ஓட்டியவள் ஒரு மனுஷி. கூலி வாங்கினாள், டோல் காசும் வாங்கினாள், தெருவில் நின்று கெட்ட வார்த்தை பேசினாள். முன்பின் தெரியாத எங்களுக்காகத் தன் செருப்பைக் கழற்றினாள், சீட்டைத் துடைத்தாள். அவளை அம்மனாக மாற்றிவிட்டால் அந்தப் புண்ணியம் அவளுக்குச் சேராமல் போய்விடும். அம்மனிடம் இல்லாத புண்ணியமா? அது அவளுக்கே சேரட்டும். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லுங்கள்.